கணக்கில் வராத தண்ணீர்

இவ்வளவு ஒட்டியிருக்கக் கூடாது, அதுதான் சங்கடம், என்று நினைத்தபடி கோகிலவாணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் இரண்டு கோடுகள். நீலக் கோடு அவளுடைய கணக்கு, காகித ஆலையின் வெளுக்கும் பிரிவில் சுற்றிச்சுற்றி வரும் கழுவுநீரில் உப்பு என்றைக்கு எவ்வளவு இருக்கும் என்று அவள் எழுதிய கணினி மாடல் முன்கூட்டியே சொன்னது. சிவப்புக் கோடு நிஜம், தொட்டிக்குள் செருகியிருக்கும் கருவி அளந்து அனுப்புவது. போன மழைக்காலத்திலிருந்து இந்தக் கோடை வரைக்கும் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. கல்யாணமான புதிதில்கூட ரெண்டு பேர் இப்படி ஒட்டிக்கொண்டு நடக்க மாட்டார்கள். முதலில் எல்லோரும் கைதட்டினார்கள். தொழில்நுட்பப் பிரிவின் தலைவர் சுந்தரேஸ்வரன் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, விருந்தாளிகள் வந்து போகும் வராந்தாவில் மாட்டிவைத்தார். கோடுகளுக்குக் கீழே அவள் பெயர் இருந்தது. அவளும் அன்றைக்குச் சிரித்தாள், வீட்டுக்குப் போய்ச் சேமியா பாயசம்கூட வைத்தாள். அப்புறம் ஒரு நாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது சம்பந்தமே இல்லாமல் மனசுக்குள் ஒரு சின்ன முள் குத்தியது, இத்தனை குழாய், இத்தனை பம்பு, இத்தனை மனுசர்கள், இதில் ஒருத்தர்கூடவா என் கணக்கைத் தாண்டிக் காலை வைக்கவில்லை என்று. அன்றையிலிருந்து பிடித்தது சனி.

இப்போது திரையின் அடுத்த ஜன்னலில் மாடலின் புது ஓட்டம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. முடிகிற பாடாக இல்லை. சுற்றி வரும் தண்ணீரின் கணக்கு அப்படித்தான். திரும்பி வரும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் முதல் தொட்டியைக் கணக்கிட முடியும், முதல் தொட்டியைக் கணக்கிட்டால்தான் திரும்பி வருவதில் என்ன இருக்கும் என்று தெரியும். அதனால் கணினி ஒரு ஊகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பும், எல்லாத் தொட்டிகளையும் சுற்றி வரும், வந்து பார்த்தால் ஊகம் பிசகியிருக்கும், கொஞ்சம் திருத்திக்கொண்டு மறுபடி கிளம்பும். விடிந்ததிலிருந்து அவள் மூளையும் அதையேதான் செய்துகொண்டிருந்தது, ஒருத்தன்மேல் சந்தேகம் வைத்துக் கிளம்புவது, சுற்றி வருவது, அவன் இல்லை என்று தெரிந்ததும் இன்னொருத்தன்மேல் வைப்பது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கூட்டம். நாளைக்கு ஆலை பராமரிப்புக்காக நிற்கிறது. நின்றதும், போன மழைக்காலத்திலிருந்தே திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டு மூடிவைத்திருக்கும் கழுவுநீர்த் தொட்டி வடிகாலின் குழாயை அறுத்தெடுத்து, வாயில் தகடு வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள், அப்புறம் ஒரு சொட்டுக்கூட வெளியே போகாது, போகவும் முடியாது. அதற்குக் கூட்டத்தில் அவள் தலையாட்ட வேண்டும். இரண்டு கோடும் ஒட்டியிருக்கும்போது தலையாட்ட என்ன தயக்கம் என்றுதான் யாரும் கேட்பார்கள். அவளுக்கே அவள் அப்படித்தான் சொல்லிப் பார்த்தாள். தலை ஆட மறுத்தது.

முன்பெல்லாம் இந்த வம்பே கிடையாது. மரக்கூழை ஒரு மருந்தில் ஊறப்போடு, புதுத் தண்ணீரில் கழுவு, அழுக்குத் தண்ணீரை வாய்க்காலில் விடு, அடுத்த மருந்தில் ஊறப்போடு, மறுபடி புதுத் தண்ணீர், மறுபடி வாய்க்கால். பழுப்பாக வந்த கூழ் பால் நிறத்துக்கு வருவதற்குள் ஓர் ஏரி காலியாகிவிடும். இப்போது கடைசித் தொட்டியைக் கழுவிய தண்ணீரால் அதற்கு முந்தைய தொட்டியைக் கழுவுகிறார்கள், அதைக் கழுவியதால் அதற்கும் முந்தையதை, கடைசியில் அது பின்னோக்கிப் போய்ப் பழுப்புக் கூழையும் கழுவி, மரத்தின் கறுப்புச் சாற்றோடு சேர்ந்து, அதை எரித்து மருந்தை மீட்டெடுக்கும் பாய்லருக்குப் போய்ச் சேருகிறது. வீட்டில் அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் சிக்கனம்தான். தண்ணீரும் மிச்சம், மருந்தும் மிச்சம். ஆனால் உப்பு மிச்சமானால் ஆபத்து. வெளுக்கும் மருந்திலிருந்து வரும் குளோரைடு உப்பில், வெளுத்த கூழின் ஈரத்தோடு போனதுபோக மிச்சத்துக்குப் போக வழி இல்லை என்றால் அது வட்டத்துக்குள்ளேயே சேரும், சேர்ந்து பாய்லருக்குள் போனால் சாம்பலைப் பிசுபிசுக்க வைக்கும், குழாய்களைக் கரையான் மாதிரி அரிக்கும். அந்தப் பாய்லரின் அடியில் உருகிய மருந்து நெருப்புக் குழம்பாகக் கிடக்கிறது. அரித்த குழாயிலிருந்து அதன்மேல் தண்ணீர் விழுந்தால் வெடிக்கும். எதிர்வீட்டு லியாகத் அலி அந்தப் பாய்லரில்தான் ஷிப்ட் பொறுப்பாளர். அவருடைய சம்சாரம் மெகருன்னிசாவிடம்தான் வாணியின் மகள் கணக்கு டியூஷன் படிக்கிறாள். இதையெல்லாம் ஏன் சேர்த்துச் சேர்த்து நினைக்கிறோம் என்று அவளுக்கே எரிச்சலாக வந்தது, ஆனால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் அவள் சந்தேகப்பட்டது ஆய்வுக்கூடத்து எபினேசரை. பாவம், நல்ல மனுசன். ஆனால் நல்ல மனுசன்தானே பிறத்தியார் மனம் கோணாமல் எண்களைச் சொல்வான்? மேடத்தின் கணக்குப்படி என்ன வர வேண்டுமோ அதையே சோதனையில் வந்ததாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிறானோ என்று நினைத்தாள். ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் தன் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து, தொட்டியிலிருந்து மாதிரி பிடித்து, அவனை எதிரே உட்காரவைத்துத் தானே சோதித்தாள். சரியாக நீலக் கோட்டில் வந்து நின்றது. எபினேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அன்றிலிருந்து அவளைப் பார்த்தால் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறான். அடுத்தது கருவி. கருவிக்கு உப்பு படிந்து புத்தி கெட்டிருக்கும் என்று புதிதாக ஒன்று மாட்டச் சொன்னாள், புதுசும் பழசு சொன்னதையே சொன்னது. அடுத்தது சுந்தரேஸ்வரன். அவர்மேல் சந்தேகப்படுவது சுலபம், அவர் முகமே அதற்கு இடம் கொடுக்கிற முகம். விருது வேண்டும், மேலே போக வேண்டும், வடிகாலே இல்லாத ஆலை என்று மேடையில் பேச வேண்டும். ஆள் வைத்துக் கணினியில் எண்களை மாற்றுகிறாரோ? அதையும் தோண்டித் துருவிப் பார்த்தாயிற்று. அந்த மனுசனுக்குத் தன் மின்னஞ்சலையே ஒழுங்காகத் திறக்கத் தெரியாது. மாற்றுவதாவது! இப்படி ஒவ்வொருத்தராகக் கழித்துவிட்டு நிற்கும்போது மிச்சம் இருந்தது தண்ணீர்தான்.

தண்ணீர்க் கணக்கு உதைத்தது. உப்புக் கோடு ஒட்டியிருந்ததே தவிர, ஆற்றிலிருந்து எடுக்கும் புதுத் தண்ணீர் அவள் கணக்கைவிடக் கூடுதலாகவே உள்ளே வந்துகொண்டிருந்தது. வெளியே போகாத தண்ணீருக்கு எதற்கு இவ்வளவு ஈடு? அப்போதே அவளுக்கு மூக்கு வியர்த்திருக்க வேண்டும். ஆனால் அப்போது அவள் சந்தோசத்தில் இருந்தாள், சந்தோசத்தில் இருக்கிறவர்களுக்குச் சின்னச் சின்னக் குறைகளைப் பூசி மெழுகுவது கைவந்த கலை. கழுவும் உருளைகளின்மேல் எப்போதும் ஆவி பறக்கிறதே, அது கூரைமேல் இருக்கும் புகைக்கூண்டு வழியாக ஆகாசத்துக்குப் போகிறதே, அதுதான் என்று வைத்துக்கொண்டாள். மாடலில் ஒரு புது இழப்பைச் சேர்த்தாள், கணக்கில் வராத தண்ணீர் என்று பெயர் வைத்தாள், ஆவி என்று குறித்தாள், தண்ணீரும் டேலி ஆகிவிட்டது. நேற்றுச் சாயங்காலம் ரசம் கொதித்துச் சுண்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. சுண்டினால் கரிக்கும். ஆவி உப்பைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டுப் போகும். அந்தத் தண்ணீர் ஆவியாகப் போகாமல் தண்ணீராகவே போயிருந்தால்? உப்பையும் கூடவே கூட்டிக்கொண்டு போயிருக்குமே! அப்படியென்றால் கோடு ஒட்டியிருப்பது என் கணக்கின் சாமர்த்தியம் இல்லை, எங்கேயோ ஓர் ஓட்டை. அந்த ஓட்டையை நாளைக்குத் தகடு வைத்து அடைக்கப்போகிறார்கள். ரசம் வழிந்து அடுப்பு அணைந்ததைக்கூட மகள்தான் வந்து சொன்னாள்.

அதனால்தான் இந்த ஓட்டம். காணாமல் போகும் தண்ணீர் உப்போடுதான் போகிறது என்று வைத்துக்கொண்டு, பார்த்த எண்களுக்கெல்லாம் பொருந்தும்படி மாடலைத் திருத்தி, அப்புறம் அந்த ஓட்டையை அடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தாள். எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. அவள் சிவப்புக் கோட்டைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். தூரத்தில் வழுவழுவென்று தெரிந்த கோடு கிட்டத்தில் வேறாக இருந்தது. கொஞ்சம் ஏறுகிறது, நீலத்தைத் தாண்டித் தலையை நீட்டுகிறது, உடனே யாரோ தலையில் தட்டி உட்காரவைத்ததுபோல இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது, மறுபடி தட்டு. இயற்கை இப்படித் தட்டாது. இது கை. மனுசக் கை. எல்லா ஷிப்ட்டிலும் இருக்கிறது, ஆனால் முதன்முதலாகத் தொடங்கியது எதில் என்று பின்னால் போய்ப் பார்த்தாள், பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது, பி ஷிப்ட். வெளுக்கும் பிரிவில் பி ஷிப்ட்டுக்குச் சூப்பர்வைசர் சென்னியப்பன். அவளுடைய புருசன்.

தெரிந்துதான் இருந்தது என்றால், அவருடைய காக்கிப் பேன்ட். கால் விளிம்பு இரண்டிலும் திட்டுத் திட்டாக வெள்ளை. துவைக்கும்போது கேட்டாள், இதென்னங்க இப்படி வெளுத்துக் கெடக்குதுன்னு. வெளுக்கற எடத்துல வேலை பாக்கறவனுக்குக் கறுக்குமா என்று சிரித்துவிட்டுப் போனார். கன்ட்ரோல் ரூமில் உட்காரும் சூப்பர்வைசருக்குக் கணுக்காலில் ஏன் கழுவுநீர் தெறிக்க வேண்டும்? தொட்டியின் அடியில் குனிந்து நின்று வால்வைத் திருப்புகிறவனுக்கல்லவா தெறிக்கும்? ஒரு வாரமாகப் பேன்ட்டை ஆலையிலேயே அலசிவிட்டு ஈரத்தோடு கொண்டுவருகிறார். அதற்கு வேறு மாதிரியும் யோசித்துப் பார்த்தாள், வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் யோசித்தாள், ஒரு பெண் விசயமாக இருக்குமோ என்று. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகவே கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிற சோம்பேறிக்கு அதெல்லாம் எங்கே முடியும் என்று அதை விட்டாள். விட்டதும் அதைவிடக் கெட்ட ஒன்று வந்து உட்கார்ந்தது. பொறாமையோ? அவர் டிப்ளமோ, இவள் இன்ஜினியர். இவள் வரைந்த கோட்டுப்படி அவர் பிளான்ட்டை ஓட்ட வேண்டியிருக்கிறது. போன வருசம் சொந்தத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் அவருடைய பங்காளி ஒருத்தர் எல்லார் காதிலும் விழும்படி, ஊட்ல மட்டுமில்ல, மில்லுலயும் பொண்டாட்டி போட்ட கோட்டைத் தாண்ட மாட்டான் என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இலையை மடித்துவிட்டு எழுந்தார், இன்னும் பாயசம் வரவில்லை. அன்றைக்கு அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அந்த மடித்த இலை அவளை விடமாட்டேன் என்றது. வடிகால் வால்வைத் திறந்து திறந்து விட்டு, கோட்டைத் தன் கையில் வைத்துக்கொண்டு, ஒரு நாள் கையை எடுத்தால் போதும், மேடத்தின் மாடல் எல்லார் முன்னாலும் கவிழ்ந்துவிடும். அந்த நாளுக்காகக் காத்திருக்கிறாரா? என்னோடு படுத்து எழுந்து, என் கையால் தின்றுகொண்டு? அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

ஓட்டம் நின்றது. புதிதாக ஒரு நீலக் கோடு வந்திருந்தது. ஓட்டையை அடைத்ததும் அது கொஞ்ச நாள் பழையதோடு சேர்ந்து நடந்தது, அப்புறம் பிரிந்து ஏறத் தொடங்கியது, சமன்படும் என்று அவள் எதிர்பார்த்த இடத்தைத் தாண்டி, பாய்லருக்காக அவளே போட்டுவைத்திருந்த எச்சரிக்கை எல்லையையும் தாண்டி, படத்துக்குள் அடங்காமல் மேலே போய்விட்டது. கூழ் போகும்போது எவ்வளவு உப்பைக் கூடவே எடுத்துப் போகும் என்று அவள் தொடக்கத்தில் நம்பியது தப்பு. கூழ் அவ்வளவு எடுத்துப் போகவில்லை. எடுத்துப் போனது வடிகால். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். இனி யாரையும் சந்தேகப்பட நேரமில்லை, கேட்டுவிட வேண்டியதுதான். மாடிப்படி இறங்கி, வெயிலில் முற்றத்தைக் கடந்து, வெளுக்கும் பிரிவுக்குள் நுழைந்தபோது அந்த மருந்தின் காரநெடி மூக்கின் உள்ளே சுருக்கென்று ஏறியது. கல்யாணமாகி வந்த புதிதில் அவர் சட்டையில் இதை முகர்ந்து அவளுக்குத் தும்மல் வரும். உருளைகள் உருண்டுகொண்டிருந்தன, வெள்ளைக் கூழ் கனத்த போர்வையாக மேலே ஏறி மறுபக்கம் விழுந்தது. சென்னியப்பன் கன்ட்ரோல் ரூம் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். இந்த வாரம் பி ஷிப்ட்டுக்குக் காலை முறை.

"என்ன வாணி, இந்நேரத்துக்கு? மீட்டிங் இருக்குதுன்னியே?"

"இருக்குதுங்க. அதுக்கு முந்தி ஒண்ணு கேக்கோணும். சுத்தி வளைக்காம நேராச் சொல்லிப்போடுங்க. கழுவுதண்ணித் தொட்டி வடிகாலைத் தொறக்கறீங்களா?"

அவர் பின்னால் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார். உள்ளே ஆபரேட்டர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"யாரு சொன்னா?"

அந்தக் கேள்வி போதும் அவளுக்கு. உண்மையில்லை என்றால் ஒருத்தன் இல்லை என்பான், யாரு சொன்னா என்று கேட்க மாட்டான். ஆக எல்லாம் சரிதான், பேன்ட்டும் சரி, மடித்த இலையும் சரி. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், அது சூடாக இருந்தது.

"ஆரும் சொல்லல. நானாத்தான் கண்டுபிடிச்சேன். எதுக்குத் தொறந்தீங்க?"

"கோபப்படாத. தொறக்கக் கூடாதுன்னு ஆர்டர் இருக்குது, எனக்குத் தெரியும். உன்ற காதுக்கு வந்தா நீ சார்கிட்டப் போயிச் சொல்லோணும், இல்லாட்டி மறைக்கோணும். ரெண்டுமே உனக்குச் சங்கடம். அதுனாலதான் சொல்லல."

"அதை உடுங்க. எதுக்குத் தொறந்தீங்க?"

"எதுக்குன்னா என்ன கேள்வி? செவப்புக் கோடு மேல ஏறுச்சுன்னா தொறக்கறது. நீலத்துக்கு வந்து சேந்துச்சுன்னா மூடிக்கறது. அவ்வளவுதான்."

"நீலத்துக்கு ஏனுங்க வரோணும்?"

இப்போது அவர்தான் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீலந்தானே புடிக்க வேண்டிய அளவு? உள்ள வந்து பாரு. சூடு, அழுத்தம், மருந்தளவு, எல்லாத் திரையிலயும் நீலம்னா ஆபீசு குடுத்த அளவு, செவப்புன்னா ஓடறது. செவப்பைக் கொண்டுபோயி நீலத்துல நிறுத்தறதுக்குத்தான சம்பளம் வாங்கறோம்."

அவள் கம்பியை விட்டாள். நீலம். அவளுக்குப் பிடித்த நிறம் என்று போட்டாள். கன்ட்ரோல் ரூம் திரையிலும் வைக்கலாமே, ஆட்களும் பார்க்கட்டுமே என்று வைத்தாள். கொண்டுவந்து வைத்த அன்று சுந்தரேஸ்வரன் பேசினார், அவள் பேசினாள், எல்லோரும் லட்டு சாப்பிட்டார்கள். அந்தக் கோடு என்ன என்று யாரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. கேட்காமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரியும் என்று நினைத்திருந்தார்கள்.

"அது அளவில்லீங்க," என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது. "அது நான் நெனச்சது. இப்பிடி ஆகும்னு நான் நெனச்சேன். நெனச்சபடி ஆகுதான்னு பாக்கறதுக்குத்தான் பக்கத்துல போட்டு வெச்சது. அது பாட்டுக்கு உட்டிருந்தீங்கன்னா மொதல் மாசமே நான் நெனச்சது தப்புன்னு தெரிஞ்சிருக்கும்."

"நீ நெனச்சது எப்பிடித் தப்பாகும்?" என்றார் சென்னியப்பன். கேலி இல்லை, குத்தல் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். "மெசினு தப்பா ஓடுது, நாங்க சரி பண்ணி ஓட்டறோம்னுதான் இருந்தேன். அதுவுமில்லாம உன்ற பேரு போட்ட கோடு. அதைத் தாண்டிச் செவப்பு ஏறறதைப் பாத்துட்டு நான் எப்பிடிக் கையக் கட்டீட்டு உக்காந்திருப்பேன்? மத்த ஷிப்ட்டுக்காரங்களுக்கும் நான்தான் சொல்லி வெச்சேன், மேடம் கோட்டை உட்டு நவுராமப் பாத்துக்கங்கப்பான்னு. பசங்களும் சலிக்காம எறங்கித் தொறந்தாங்க. ஏனாம் வாணி? என்ன ஆச்சு?"

அவள் சொன்னாள். நாளைக்கு வடிகாலை அடைக்கப்போகிறார்கள் என்றாள், அடைத்தால் உப்பு ஏறும், ஏறினது பாய்லருக்குப் போகும், குழாய் அரிக்கும், அங்கே லியாகத் அண்ணன் நிற்கிறார் என்றாள். சென்னியப்பன் பாய்லர் இருக்கும் திசையைப் பார்த்தார். இங்கிருந்து அதன் உச்சி மட்டும்தான் தெரியும். நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது, துடைக்கத் தோன்றவில்லை அவருக்கு. தாழ்ந்த குரலில், "சொன்னது நான். கேட்டவங்களை இழுத்து உட்றாத, பிள்ளகுட்டிக்காரங்க," என்றார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உருளைச் சத்தத்தில் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள், அவர் போய்விட்டார்.

திரும்பி நடக்கும்போது முற்றத்து வெயில் கண்ணைக் கூசியது. அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபத்துக்குப் பதிலாக வந்தது அதைவிடத் தாங்க முடியாததாக இருந்தது. இத்தனை நாளாக ஊரிலுள்ளவர்களையெல்லாம் சந்தேகப்பட்டாள், எபினேசரின் கண்ணாடியை, சுந்தரேஸ்வரனின் முகத்தை, கட்டின புருசனின் பேன்ட் விளிம்பை. அந்த மனுசனோ அவளை ஒரு தரம்கூடச் சந்தேகப்படவில்லை. கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா? ஒரே ஒரு நாள், இவள் போட்டது தப்பாயிருக்குமோ என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாதா? சரி, இப்போது என்ன சொல்வது. ஆவி என்றே சாதிக்கலாம், ஆனால் அப்புறம் குழாயை அடைத்துவிடுவார்கள். மாடலில் ஒரு பிழை கண்டேன், அடைப்பதைத் தள்ளிவைப்போம் என்று மட்டும் சொல்லலாம். பிழையுள்ள மாடல் இத்தனை நாளாக எப்படி ஒட்டியது என்று முதல் கேள்வியே அதுதான் வரும். வால்வு கசிகிறது என்று சொல்லலாம், வால்வைக் கழற்றிப் பார்த்தால் கசியாது. யார் என்று தெரியவில்லை என்று சொல்லலாம். தெரியவில்லை என்றால் விசாரணை வரும், எல்லா ஷிப்ட்டையும் வரிசையாக நிற்கவைப்பார்கள், அந்தப் பிள்ளைகுட்டிக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். ஒவ்வொரு பொய்யும் கொஞ்ச தூரம் நன்றாகத்தான் நடந்தது. வருசக் கணக்காகத் தண்ணீரைச் சுற்றவிட்டுச் சுற்றவிட்டு எது எங்கே போய் நிற்கும் என்று பார்த்துப் பழகின மூளை, பொய்யையும் சுற்றவிட்டுப் பார்த்தது. எந்தப் பொய்யும் லியாகத்தைப் பாய்லரடியிலிருந்து நகர்த்தவில்லை. ஒன்று அவர், இல்லையென்றால் தன் புருசன்.

கூட்ட அறையில் ஏசி குளிர் முகத்தில் அறைந்தது. சுந்தரேஸ்வரன் நடுவில், எபினேசர் ஓரத்தில், பாய்லர் சார்பில் லியாகத் அலி, அவளைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாம்மா, உக்காரு," என்றார். சுவரில் அந்த இரண்டு கோட்டுப் படம் புரொஜெக்டரில் பெரிதாக விழுந்திருந்தது. சுந்தரேஸ்வரன் நல்ல உற்சாகத்தில் இருந்தார். "மேடம் வந்தாச்சு. அப்புறம் என்ன, நாளைக்குக் குழாயை அறுத்துறலாம் இல்லையா?"

"வேண்டாங்க சார். அடைக்கக் கூடாது. என்னோட மாடல் தப்பு." இவ்வளவும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. அடைத்தால் உப்பு எங்கே போகும் என்பதையும் சொன்னாள். லியாகத் நாற்காலியின் நுனிக்கு வந்தார். எபினேசர் அந்தச் சோதனைக்கு அப்புறம் முதன்முதலாக நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தான்.

சுந்தரேஸ்வரன் சுவரைக் காட்டினார். "மாடல் தப்புன்னா இது எப்படி ஒட்டுச்சு?"

"வடிகாலைத் தொறந்து தொறந்து ஒட்ட வெச்சிருக்காங்க."

"யாரு?"

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார்.

"பி ஷிப்ட் சென்னியப்பன்," என்றாள். "அவரைத் தவிர வேற யாரும் பொறுப்பில்லை. தொறந்தது என் கணக்கு தப்பாகாதுன்னு நம்பித்தான், அதையும் சேத்து எழுதிக்குங்க சார்."